ஒடிந்த சக்குலன்ட்: நடலாமா, தண்ணீரில் வைக்கலாமா, இலையைப் பரப்பலாமா?

தொட்டி சாய்ந்து விழுந்திருக்கலாம், பூனை தட்டிவிட்டிருக்கலாம், ஜன்னல் திரை மாட்டி இழுத்திருக்கலாம். சக்குலன்ட், அதாவது சதைப்பற்றுச் செடி, எப்படி ஒடிந்தாலும் மிஞ்சுவது மூன்று: கையில் ஒரு தலை, மண்ணில் ஒரு மொட்டைத் தண்டு, தரையெல்லாம் இலைகள். எதைக் காப்பாற்றுவது, எதைக் கழித்துவிடுவது என்பதுதான் கேள்வி.

பதறத் தேவையில்லை. வேறு செடியின் கொப்பு ஒடிந்தால் சில மணி நேரத்தில் தலை தொங்கிவிடும். சக்குலன்டுக்கு இலையிலும் தண்டிலும் தண்ணீர் இருப்பில் இருக்கிறது. போதாததற்குப் பெரும்பாலான வகைகளில் இலைத்துளைகள் பகலில் மூடி இரவில் திறக்கின்றன. இரவில் கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் அதைச் செலவழிக்கும். வெயில் நேரத்தில் ஈரம் வெளியே போகாததால் வேரே இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே இன்றே நட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சொல்லப்போனால், ஒடிந்த அன்றே ஈரமண்ணில் நடுவதுதான் செய்யக்கூடிய பெரிய தவறு.

முடிவெடுக்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேர் வருவது வேறு, தளிர் வருவது வேறு. சக்குலன்டின் எந்தத் துண்டும் ஏறக்குறைய வேர் விடும். தளிர் விடுவதற்கு அந்தத் துண்டில் முளைக்கண் இருந்தாக வேண்டும், அல்லது முளைக்கண்ணை உருவாக்கக்கூடிய திசுவாவது இருக்க வேண்டும். கரும்புக் கரணை நடுகிறவர் முதலில் பருவைத்தான் தேடுவார். இங்கேயும் அதே பார்வைதான். வேர் விட்டு, பச்சையாக, மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும் ஒற்றை இலைகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவற்றுக்கு உரமும் போதாமல் இல்லை, வெயிலும் போதாமல் இல்லை. கண் தாய்த்தண்டிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்து, ஒடிந்த முகத்தைப் பாருங்கள். வெட்டுமுகம் முழுக்க ஒரே பச்சையாகவோ வெண்மையாகவோ, கெட்டியாக இருந்தால் அது வெறும் அடிபட்ட காயம். எல்லா வழியும் திறந்திருக்கிறது. பழுப்பாக, கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தால் செடி விழுந்து ஒடியவில்லை, அழுகி ஒடிந்திருக்கிறது. அப்போது அடித்தண்டை நம்ப வேண்டாம். மேல்பகுதியைச் சிறுசிறு வில்லையாகச் சீவிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகலைக் கத்தியே மேலே ஏற்றிவிடும். நடுவில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னொரு வில்லை சீவுங்கள். அந்தப் புள்ளி, தண்டுக்குள் நீரும் உணவும் ஓடும் குழாய்கள் வழியாக மேலே போய்க்கொண்டிருக்கும் நோய். புள்ளியே இல்லாத முகம் வரும்வரை நிறுத்தக் கூடாது, தலை இரண்டு அங்குலமாகக் குறுகினாலும் சரி.

தலையைக் காயவைத்து நடுவது

பெரும்பாலான செடிக்கு முதல் தேர்வு இதுதான். முளைக்கண் ஏற்கெனவே நுனியில் இருப்பதால் வேர் மட்டும் வந்தால் போதும். 3 முதல் 5 வாரத்தில் முழுச் செடி கையில்.

ஒடிந்த முகம் நார் நாராகப் பிய்ந்திருந்தால் கூரான கத்தியால் நேராக வெட்டிச் சமப்படுத்துங்கள். பிய்ந்த ஓரத்தில் ஈரம் தங்கும், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். அடியில் 2 முதல் 3 செ.மீ. தண்டு வெறுமையாக இருக்கும்படி கீழ் இலைகளைக் கழற்றுங்கள். அந்த இலைகளை எறிய வேண்டாம், அவற்றுக்கு வேலை இருக்கிறது. இனிப் பொருக்குத் தட்டும்வரை காயவிடுவது. நம் தோலில் காயம் ஆறும்போது பொருக்கு வருவதுபோல, வெட்டுமுகத்தின் செல்கள் தக்கை மாதிரியான ஓர் அடுக்கை உருவாக்கிக் கிருமியும் ஈரமும் உள்ளே போகாமல் அடைத்துவிடும். விரலால் தடவினால் ஈரப்பிசுக்கு துளியும் இல்லாமல், காய்ந்த தோல் போல இருக்க வேண்டும். பென்சில் பருமன் தண்டுக்கு 3 முதல் 5 நாள். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வாரம். கைமணிக்கட்டுப் பருமனான தூண் கள்ளிக்கு இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும்.

காயும் நாட்களில் தலையைப் படுக்கப் போடாதீர்கள். ஒரு வாரம் கிடந்தாலே நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். அப்புறம் நட்டால் செடி கழுத்துச் சுளுக்கிக்கொண்டு நிற்கும். எச்செவேரியா மாதிரி ரோஜா அடுக்குள்ள செடியை வெறும் கண்ணாடித் தம்ளரின் வாயில் உட்காரவைத்துவிடலாம். இலைகள் விளிம்பில் தாங்கும், தண்டு காற்றில் தொங்கும். சில சமயம் அந்தத் தம்ளருக்குள்ளேயே இளஞ்சிவப்பு நூல் போல வேர் எட்டிப்பார்ப்பதைக் காணலாம்.

மண்கலவையில் வடிகால்தான் எல்லாம். கோகோபீட்டோ (தென்னைநார்த் தூள்) தொட்டி மண்ணோ ஒரு பங்கு, பெர்லைட் (எடையற்ற வெள்ளைக் குருணை) அல்லது பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது பருமணல் இரண்டு பங்கு. மாவு மாதிரி நைசான மணல் கூடாது, அது இடுக்குகளை அடைத்துச் சேறாக்கிவிடும். கடல்மணலில் உப்பு. கலவை காய்ந்திருக்க வேண்டும். 2 செ.மீ. ஆழத்தில் நட்டு, ஆடாமல் இருக்கச் சுற்றிச் சிறு கற்களை வைத்து, நேர்வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். வேரில்லாத செடியை வெயிலில் வைத்தால் குடிக்க வழியில்லாமல் இலை வெந்துபோகும். 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேருக்கு உகந்தது. குளிர் அதிகமானால் செடி சாகாது, ஆனால் வேர் அசையாமல் நிற்கும்.

முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்துத்தான், அதுவும் மேல்மண் நனையும் அளவுக்கு. இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். இலை சுருங்குகிறது, தாகம் என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். இலை சுருங்குவது இருப்பைச் செலவழிப்பதன் அடையாளம். வேர் இல்லாதபோது எவ்வளவு ஊற்றினாலும் இலைக்குப் போகாது, அடியை மட்டும் அழுகவைக்கும். மூன்றாவது வாரத்தில் தலையை லேசாகத் தூக்கிப் பாருங்கள், பிடித்துக்கொண்டால் வேர் வந்துவிட்டது. அதைவிட நம்பகமான சோதனை இன்னொன்று உண்டு. தண்ணீர் ஊற்றிய இரண்டே நாளில் சுருங்கிய அடியிலைகள் உப்பிக்கொண்டால், வேர் குடிக்கத் தொடங்கிவிட்டது. உப்பாவிட்டால் இன்னும் காத்திருங்கள். தினமும் பிடுங்கிப் பார்த்தால் முடி போன்ற புதுவேர்கள் அறுந்து, கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இரண்டு வகைக்கு இந்த முறை கொஞ்சம் மாறும். தூண் கள்ளியில் வெட்டுமுகத்தைத் தட்டையாக விடாமல், பென்சில் சீவுவதுபோல ஓரத்தைச் சுற்றிச் சாய்வாகச் சீவ வேண்டும். கள்ளியில் வேர் வருவது நடுவிலுள்ள வளையத்திலிருந்து. தட்டையாகக் காய்ந்தால் அந்த நடுப்பகுதி உள்வாங்கிக் குழியாகிவிடும், வேர் மண்ணைத் தொடாமல் தொங்கும். இன்னொன்று யூஃபோர்பியா. கள்ளி மாதிரி இருக்கும், கள்ளி அல்ல. ஒடிந்ததும் பால் வடியும். அந்தப் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து; கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பால் நிற்கும்வரை வெட்டுமுகத்தை ஓடும் நீரில் கழுவிய பிறகே காயவிட வேண்டும். கழுவாவிட்டால் பால் உறைந்து, காயத்தின்மேல் பிசின் பூசியதுபோல் ஆகிவிடும்.

தண்ணீரில் வேர்விட வைப்பது

பார்க்க அழகு, வேரும் கண்ணுக்குத் தெரியும், அதனாலேயே பலருக்குப் பிடிக்கும். ஜேட், கலஞ்சோ, கிறிஸ்துமஸ் கள்ளி ஆகியவற்றில் நன்றாகவே நடக்கும். 1 முதல் 3 வாரத்தில் வேர் வந்துவிடும். ஆனால் இங்கேயும் பொருக்குத் தட்டிய பிறகுதான் வைக்க வேண்டும். தண்டு தண்ணீருக்குள் மூழ்கவும் கூடாது. குறுகிய வாயுள்ள சீசாவில், தண்டின் அடி தண்ணீரை மயிரிழையில் தொடாமல், 2 அல்லது 3 மி.மீ. மேலே நிற்கட்டும். அந்த ஈரக்காற்றே வேரைக் கூப்பிடப் போதும். வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள்.

சிக்கல் மண்ணுக்கு மாற்றும்போதுதான் வரும். தண்ணீரில் வளர்ந்த வேர் கண்ணாடி மாதிரி முறியும், அதில் வேர்த்தூவியும் குறைவு. காய்ந்த மண்ணில் நட்டால் பாதி செத்துப்போகும். எனவே இந்தச் செடிக்கு மட்டும் விதி தலைகீழ்: நட்டவுடன் தண்ணீர் விட்டு, முதல் 10 நாள் மண்ணை லேசான ஈரத்தில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காயும் இடைவெளியைக் கூட்ட வேண்டும். வேர் 2, 3 செ.மீ. ஆனதுமே மாற்றிவிடுங்கள். நீளமான வேர்க்கொத்து பார்க்க நன்றாயிருக்கும், நடும்போது அத்தனையும் ஒடியும்.

நேராக மண்ணில் நட்டு வேர் வரவைக்க முடிகிற செடியை எதற்குத் தண்ணீரில் வைத்து இரண்டு முறை பழக்க வேண்டும்? எச்செவேரியா, உருண்டைக் கள்ளி, கற்றாழைத் தலை இவற்றைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இந்த வழி மற்றதைவிட மேல். மண்ணில் வைத்து நாலைந்து வாரமாகியும் வேர் வராமல், சுருங்கிக் கயிறாகிப்போன ஜேட் கொப்பு இருந்தால், அதன் அடியைப் புதிதாக வெட்டி, காயவைத்து, தண்ணீருக்கு மேலே நிறுத்திப் பார்க்கலாம்.

இலையைப் பரப்புவது

எண்ணிக்கைக்கு இதுவே சிறந்தது, வேகத்துக்கு இதுவே மோசம். வேரோ குட்டியோ எட்டிப்பார்க்க 2 முதல் 6 வாரம். நாணய அளவு செடியாக 4 முதல் 6 மாதம். தொட்டியில் தனியாக நிற்கும் தோற்றம் வர ஒரு வருடம். அதிலும் எல்லா இலையும் தேறாது. சில வேர் விடும், குட்டி விடாது. சில குட்டி விடும், வேர் விடாமல் காயும். சில சும்மா அழுகும். ஆகவே ஓரிலையை நம்பாமல் பத்துப் பன்னிரண்டைப் பரப்புங்கள்.

இலை எப்படிக் கழன்றது என்பதைப் பொறுத்தே எல்லாம். கண்ணுள்ள திசு இலைக்காம்பின் அடியோரத்தில், தண்டோடு ஒட்டும் இடத்தில் இருக்கிறது. தண்டில் மிச்சம் வைக்காமல், முழு அடியோடு, பிறை வடிவில் சுத்தமாகக் கழன்றிருந்தால் தேறும். நடுவில் முறிந்த எச்செவேரியா இலை குப்பைக்குத்தான். கையால் கழற்றும்போது நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். அடிப்பகுதியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து இடது, வலது என்று மெல்ல அசைத்தால், ‘டக்’ என்று விட்டுக்கொடுக்கும்.

மண்ணில் புதைக்காமல் மேலே படுக்கவைத்தால் போதும். வேர் வரும்வரை தண்ணீரே வேண்டாம். நூல்வேர் தெரிந்ததும் அதன்மேல் சிட்டிகை மண் தூவி, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அந்த இடத்தை மட்டும் நனையுங்கள். தாய் இலை சுருங்கினாலும் பிய்க்காதீர்கள். குட்டிக்கு அதுதான் பால்புட்டி, காலியானதும் தானே உதிரும்.

எந்தச் செடியில் நடக்கும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கிராப்டோபெட்டலம், செடம், எச்செவேரியா, ஜேட்: தாராளமாக. ஜேட் மட்டும் கொஞ்சம் தாமதம். ஹவொர்தியா: அடியில் வெள்ளைத் திசுவோடு வந்தால், பொறுமை இருந்தால். ஏயோனியம்: தனி இலையில் பொதுவாக நடக்காது, தண்டு வேண்டும். செம்பர்விவத்துக்கும் பக்கக்கன்றுதான் வழி. சோற்றுக்கற்றாழை மட்டையை வெட்டி மண்ணில் குத்தி வைப்பது வீண்வேலை. உள்ளே இருப்பதெல்லாம் தண்ணீர்க்கூழ், கண் கிடையாது. பல வாரம் பச்சையாக நின்று நம்பிக்கையூட்டிவிட்டு ஒருநாள் அடியில் கூழாகிவிடும். கற்றாழைக்கு வேரடியில் வரும் கன்றுகளைப் பிரித்து நடுவதே வழி. ரணகள்ளி இதற்கு நேரெதிர். அதன் இலை விளிம்பின் பள்ளங்களிலேயே கண் இருக்கிறது, இலை எப்படி முறிந்திருந்தாலும் ஓரத்தில் குட்டி வரும்.

பாம்புச்செடி, அதாவது ஸ்னேக் பிளான்ட், இன்னொரு விதிவிலக்கு. அதன் இலையை 7 முதல் 10 செ.மீ. துண்டுகளாக நறுக்கி நட்டாலும் வரும். ஆனால் தலைகீழாக நட்டால் வேர் வராது. எந்தப் பக்கம் அடி என்பது நறுக்கிய அடுத்த நிமிடமே மறந்துபோகும், அதனால் அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டும் பழக்கம் நல்லது. ஓரத்தில் மஞ்சள் கோடுள்ள ரகம் என்றால் இந்த வழியே வேண்டாம். அந்தக் கோடு இலையின் ஓர் அடுக்குத் திசுவில் மட்டும் இருப்பது. இலைத்துண்டிலிருந்து எழும் புதுக் குருத்து உள்திசுவிலிருந்து வருவதால் வெறும் பச்சையாகத்தான் பிறக்கும். கோடு வேண்டுமென்றால் மண்ணுக்கடியில் உள்ள கிழங்குத்தண்டைப் பிரித்து நட வேண்டும்.

முத்துமாலை போலத் தொங்கும் செடியில் உதிர்ந்த முத்தைப் பொறுக்கிச் சேர்ப்பதைவிட, அறுந்த கொடியை மண்மேல் சுருட்டிவைத்து, கணுக்கள் மண்ணைத் தொடும்படி ஹேர்பின்னால் குத்திவிடுங்கள். கணுவுக்குக் கணு வேர் வரும்.

அடித்தண்டை விட்டுவைப்பது

பலரும் பிடுங்கி எறிந்துவிடும் இந்த மொட்டைதான் உண்மையில் செலவே இல்லாத தேர்வு. வேர் தயாராக இருக்கிறது. நுனி இருந்தவரை அதிலிருந்து கீழே இறங்கிய ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்கக் கண்களை அடக்கிவைத்திருந்தது. நுனி போனதும் அந்தக் கண்கள் விழித்துக்கொள்ளும். 3 முதல் 6 வாரத்தில், இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே பச்சைப் பரு போல இரண்டு, மூன்று தளிர் கிளம்பும். ஒற்றைத்தண்டாக நின்ற செடி இப்போது கிளைத்துப் புதராகும். வெளிச்சம் போதாமல் கொக்குக் கழுத்தாக நீண்டுபோன செடிக்கு இந்த விபத்து வரம்தான். தோட்டக்காரர்கள் அதை வேண்டுமென்றே தலை வெட்டித்தான் சரிசெய்வார்கள்.

மண்ணுக்கு மேல் 4, 5 செ.மீ. தண்டும், முடிந்தால் சில இலைகளும் விட்டுவையுங்கள். இலை இருந்தால் உணவு தயாராகும், தளிர் சீக்கிரம் வரும். இலையே இல்லாவிட்டாலும் தண்டு கெட்டியாக இருக்கும்வரை கைவிடாதீர்கள், இரண்டு மாதம்கூடக் காத்திருக்கலாம். கொல்வது ஒன்றே ஒன்று: பழைய அளவிலேயே தண்ணீர் ஊற்றுவது. இலை போனதும் தண்ணீர் செலவழிக்க ஆளில்லை, மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தளிர் தெரியும்வரை வழக்கமான அளவில் கால்பங்கு போதும். அடியில் வெறும் கட்டையாக, கணுவே தெரியாமல் இருக்கும் பழைய கள்ளிகளில் தளிர் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. அங்கே முட்கண்களிலிருந்து வரலாம்.

பாதி ஒடிந்து தொங்கினால்

கட்டுப்போட்டு ஒட்டவைக்கலாமா? பெரும்பாலும் வேண்டாம். சதைப்பற்றான திசு இரு பக்கமும் தனித்தனியாகப் பொருக்குக் கட்டிக்கொள்ளுமே தவிர, ஒன்றோடொன்று லேசில் சேராது. சேர்ந்தாலும் அந்த இடம் எப்போதும் பலவீனம்தான், கனமான தலை மறுபடி அங்கேயே சாயும். தண்டின் பருமனில் பாதிக்கு மேல் அறுபடாமல் இருந்து, அந்தக் கிளையை இழக்க மனமில்லை என்றால் மட்டும், உதாரணமாகப் பல வருடம் வடிவமைத்த ஜேட் போன்சாய், வெட்டு முகங்களைச் சேர்த்துப் பிடித்து, துணிப்பட்டையால் சுற்றி, குச்சி நட்டுத் தாங்கல் கொடுத்து, 4 வாரம் தண்ணீர் குறைத்துப் பாருங்கள். சூப்பர் க்ளூ, மெழுகு எல்லாம் காயத்தை மூடும், ஆற்றாது. இலவங்கப்பட்டைப் பொடி தூவுவதும் தேன் தடவுவதும் அப்படித்தான். காய்ந்த காற்று செய்யும் வேலையை இவை எதுவும் கூடுதலாகச் செய்வதில்லை. வேர் ஹார்மோன் பொடி மட்டும் மெதுவாக வேர்விடும் கட்டைத்தண்டுக்குக் கொஞ்சம் உதவும். செடம், ஜேட், எச்செவேரியாவுக்குத் தேவையே இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

சுத்தமான காயம், 3 செ.மீ. தண்டோடு தலை, கெட்டியான அடி என்று இருந்தால் தேர்வே தேவையில்லை. தலையை நட்டு, அடியை விட்டுவைத்து, கழற்றிய இலைகளைப் பரப்பிவிடுங்கள். மூன்றும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. தேர்வு செய்ய வேண்டிய நிலை இரண்டு. அழுகல் என்றால் அடியைக் குப்பையில் போட்டுத் தலையை மட்டும் நம்புங்கள். தலையிலும் பழுப்பு ஏறியிருந்தால் மேல்வரிசைக் கெட்டி இலைகளே மிச்சம். மஞ்சளாகி ஒளி ஊடுருவும் இலைகளை எடுக்க வேண்டாம். இரண்டாவது நிலை, ரோஜா அடுக்குத் தண்டே இல்லாமல் அடியொட்ட ஒடிந்தது. அப்போது அடியிலைகளில் நாலைந்தைக் கழற்றித் தண்டை உருவாக்கிக்கொள்ள வேண்டும். தலை கொஞ்சம் சிறுத்துப்போகும், ஆனால் நிற்கும்.

வீட்டில் பூனை, நாய் இருந்தால் காயவைக்கும் இடத்தை யோசித்து வையுங்கள். கலஞ்சோவும் ஜேட்டும் யூஃபோர்பியாவும் அவற்றுக்கு நஞ்சு. தொட்டியில் இருந்தபோது சீண்டாத பூனை, ஜன்னல் விளிம்பில் கிடக்கும் தனி இலையை விளையாட்டுக்காவது கடித்துப்பார்க்கும்.

வேர்பிடித்த தலையைப் பழைய தொட்டியிலேயே அடித்தண்டுக்குப் பக்கத்தில் நட்டால் தொட்டி நிறைந்து அழகாக இருக்குமே என்று தோன்றும். முதல் மூன்று மாதம் வேண்டாம். தளிர்க்காத அடிக்கு மண் காய்ந்தே இருக்க வேண்டும், புதுவேருக்கு அடிக்கடி கொஞ்சம் ஈரம் வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டுக்கும் தண்ணீர் ஊற்ற முடியாது. தலையின் அகலத்தைவிட 2 செ.மீ. மட்டும் பெரிதான, அடியில் துளையுள்ள சின்னத் தொட்டியில் அது தனியாக வளரட்டும். அடித்தண்டில் வந்த தளிர்கள் 3, 4 செ.மீ. உயரமான பிறகு இரண்டையும் சேர்த்து நடலாம்.